விசில் ஊதவில்லை, வாட்ச் ஒத்துப்போகவில்லை: பள்ளிப் போட்டி நடுவர்களின் பையில் இருக்கும் சாமான்களுக்கான பழுது குறிப்புகள்

குறுவட்டப் போட்டிகள் (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற கட்டம்) தொடங்கிவிட்டால் காலை ஏழு மணிக்கே மைதானத்தில் வந்து நிற்கிற உடற்கல்வி ஆசிரியர்களின் பையில் என்னென்ன இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருபது வருடத்துக்கு மேலாக அதே பையைத்தான் நானும் தூக்கிக்கொண்டு போகிறேன். விசில், ஸ்டாப் வாட்ச், டேப், இரண்டு கொடி, மூன்று அட்டை, பேனா, பம்ப், ஊசி. எல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள். ஆனால் இதில் ஒன்று மக்கர் செய்தாலும் அதற்கான விலையை நாம் கொடுப்பதில்லை, வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பிள்ளை கொடுக்கிறது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். என்ன கோளாறு கண்ணில் படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள், வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

விசிலில் காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை

முதலில் விசிலைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே குண்டு உருண்டால் அது பழைய வகை. அந்தக் குண்டு பெரும்பாலும் தக்கை. எச்சிலில் ஊறி உப்பும், புழுதி சேர்ந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு மூச்சைக் கொடுத்தாலும் புஸ்ஸென்று காற்றுதான் வரும். ஓர் ஈர்க்குச்சியால் குண்டை மெதுவாகத் தள்ளி விடுங்கள், அது தற்காலிகம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, விசிலை அதில் அலசி, நல்ல தண்ணீரில் ஊதியே கழுவி, உதறி, நிழலில் காய வைக்க வேண்டும். தக்கை பிய்ந்து வந்திருந்தால் அந்த விசிலை விட்டுவிடுங்கள், அதற்கு வைத்தியம் இல்லை.

குண்டு இல்லாத வகையென்றால் அடைப்பு வேறு இடத்தில். இந்த வகையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்கிற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவர். 1984இல் பிரேசிலில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி ஒன்றில் முக்கியமான கட்டத்தில் ஊதினார், குண்டு சிக்கி சத்தம் வரவில்லை. அந்த ஒரு ஊதலுக்காக மூன்று வருடம் மெனக்கெட்டு 1987இல் ஃபாக்ஸ் 40 விசிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர் செம்மண் கிரவுண்டில் நிற்கிறவர்களுக்கு அவர் பட்ட பாடு சொல்லாமலே புரியும். அந்த விசிலுக்குள் மூன்று அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு சுருதியில் ஊதும், மூன்றும் சேர்ந்துதான் அந்தக் காதைக் கிழிக்கிற சத்தம். ஓர் அறை அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடாது, ஆனால் மொண்ணையாகிவிடும். ஊதுகிறவருக்கு அது தெரியாது, இருபது மீட்டர் தள்ளி நிற்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். அதனால் வேறொருவரை ஊதச் சொல்லாமல் (விசிலை யாரோடும் பகிர வேண்டாம்) ஒரு சுவரைப் பார்த்து நின்று ஊதுங்கள், திரும்பி வருகிற சத்தத்தில் வித்தியாசம் பிடிபடும். மெல்லிய தூரிகையால் வெளித் திறப்புகளைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குண்டூசியை விட்டு நோண்டக் கூடாது, காற்று வெட்டுகிற அந்த விளிம்பு கீறினால் விசில் போச்சு. கொதிக்கும் தண்ணீரிலும் போடாதீர்கள். பிளாஸ்டிக் இணைப்பு விட்டுவிடும்.

வாங்கும்போது ஒரு சோதனை. கடையில் மெதுவாக ஒருமுறை, முழு மூச்சில் ஒருமுறை ஊதிப் பாருங்கள். நல்ல விசில் முழு மூச்சில் திணறாது. போலிகள் ஏராளமாக வருகின்றன, பார்க்க அச்சு அசலாக அதேபோல இருக்கும், பலமாக ஊதினால் சத்தம் உடைந்துபோகும். பெட்டியைப் பார்க்காதீர்கள், காதை நம்புங்கள்.

விசில் நன்றாக ஊதுகிறது, ஆனால் பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றுவிடுகிறது

இது விசிலின் கோளாறு இல்லை, தேர்வின் கோளாறு. ஒரே மைதானத்தில் நான்கு கபடி கோர்ட்டு போட்டு, நான்கு நடுவர்களும் ஒரே மாதிரி விசிலை வைத்திருந்தால் ரெய்டு போன பையன் பாதியில் திரும்பிப் பார்ப்பான். ரெய்டுக்கு இருப்பதே 30 விநாடி. அவன் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் பிடித்துவிடுவார்கள், அது அவுட்டா இல்லையா என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். காலையில் நடுவர் கூட்டத்திலேயே பேசி, அடுத்தடுத்த கோர்ட்டுகளுக்குக் குண்டு விசில் ஒன்று, குண்டில்லா விசில் ஒன்று என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு சத்தமும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூட வேறு வேறாகத் தெரியும். நான் பையில் எப்போதும் இரண்டு வகையும் வைத்திருப்பது இதற்காகத்தான்.

மூன்று வாட்ச் மூன்று நேரம் காட்டுகின்றன

நூறு மீட்டர் ஹீட்ஸ் (இறுதிக்கு முந்தின தகுதிச் சுற்று) முடிந்து மூன்று பேர் வாட்சை நீட்டுகிறார்கள், 12.3, 12.5, 12.8. உடனே எல்லோரும் சொல்வது, “சார், இந்த வாட்ச் ஓட்டமே சரியில்ல.” அனேகமாக வாட்ச் சரியாகத்தான் இருக்கும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஒரு விநாடி தவறாது, பன்னிரண்டு விநாடியில் அது அரை விநாடி தவற வழியே இல்லை.

சந்தேகம் தீர இப்படிச் செய்யுங்கள். இரண்டு வாட்சையும் இரண்டு கையில் பிடித்து ஒரே நேரத்தில் அமுக்கி, ஒரு நிமிடத்தில் இரண்டையும் சேர்த்து நிறுத்துங்கள். அப்புறம் அதையே பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு தடவையும் வித்தியாசம் அதே சில நூறில் ஒரு பங்கு விநாடிதான் என்றால் அது உங்கள் விரல். பத்து நிமிடத்தில் வித்தியாசம் வளர்ந்திருந்தால்தான் வாட்ச்.

விரல் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் பழக்கம்தான். டைம் எடுக்கிறவர் முடிவுக் கோட்டில் நின்றுகொண்டு ஸ்டார்ட்டரின் கிளாப்பர் (ஓட்டம் தொடங்க இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டுகிற சாமான்) சத்தத்தைக் கேட்டு அமுக்கினால் அப்போதே தவறு நடந்துவிட்டது. சத்தம் நூறு மீட்டர் வந்து சேர 0.3 விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். துப்பாக்கி என்றால் புகையை அல்லது பொறியைப் பார்க்க வேண்டும், கிளாப்பர் என்றால் இரண்டு பலகையும் சேருகிற கணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் கண்ணாலும் இன்னொருவர் காதாலும் டைம் எடுத்தால் மூன்று வாட்ச் மூன்று நேரம்தான் காட்டும். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர் ஒருவர் கிளாப்பரின் உள்பக்கத்துக்கு வெள்ளை, வெளிப்பக்கத்துக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார். விரிந்திருக்கும்போது வெள்ளை தெரியும், சேர்ந்ததும் வெள்ளை மறைந்துவிடும். நூறு மீட்டர் தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் நிற்கிற புது ஆசிரியரிடம் அவர் சொன்னது இன்னமும் ஞாபகம் இருக்கிறது: “தம்பி, பட்டன்ல இருக்கற தொய்வை முன்னாடியே அமுக்கி வச்சுக்கோ. பலகை சேரும்போது மிச்சம் மட்டும் அமுக்கு.” அந்தத் தொய்வு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதிலும் நேரம் போகிறது.

சரி, மூன்று வாட்சும் எப்படியும் ஒத்துப்போகவில்லை. இரண்டு ஒன்றாக இருந்தால் அதுதான் நேரம். மூன்றும் வேறு வேறாக இருந்தால் நடுவில் உள்ளது. இரண்டே வாட்ச் இருந்து ஒத்துப்போகாவிட்டால் அதிகமாகக் காட்டுவது. கை வாட்சில் 11.32 என்று வந்தால் எழுத வேண்டியது 11.4, 11.3 இல்லை. இதை ஹீட்ஸில் ஒருவர் ஒருமாதிரியும் இன்னொருவர் வேறுமாதிரியும் செய்தால், நேரத்தை வைத்து இறுதிப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது தகுதியான பிள்ளை வெளியே நிற்கும்.

இனி, வாட்சே உண்மையாகக் கெட்டிருந்தால் எப்படித் தெரியும்? எண்கள் மங்கலாகி, சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, பீப் சத்தம் சன்னமாகிறது என்றால் பேட்டரி. போட்டிக்கு முந்தின நாளே மாற்றிவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒருமுறை அமுக்கினால் ஓடி உடனே நிற்கிறது என்றால் பட்டனுக்கு அடியில் வியர்வை உப்பும் புழுதியும். அதைத் திறந்து, பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பாதி வாட்ச் பிழைத்துக்கொள்ளும். பேட்டரி இருக்கிற இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் கசிந்திருக்கிறது, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரத்தை எடுத்து, தகட்டைப் பென்சில் ரப்பரால் தேயுங்கள். திரையில் மை கொட்டினதுபோலக் கறுப்பு பரவியிருந்தால் திரை உடைந்துவிட்டது, வாட்சைக் கழித்துவிட வேண்டியதுதான். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைப்பதுதான் மொத்தத்தில் மலிவான பராமரிப்பு.

ஒரே தாண்டலை இரண்டு டேப்பில் அளந்தால் இரண்டு அளவு வருகிறது

இந்தத் தலைப்பில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு குறுவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலுக்கு நான் அளவு பார்த்தேன். பாதியில் டேப் முறுக்கிக்கொண்டதால் இன்னொரு டேப் வந்தது. முதல் டேப்பின் முனை எப்போதோ அறுந்து, யாரோ பத்து சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு வளையத்தை மறுபடி ரிவெட் அடித்திருந்தார்கள். அதாவது வளையத்துக்குப் பக்கத்தில் எண் பத்திலிருந்துதான் தொடங்கியது. வெட்டின டேப்பில் அளந்த பிள்ளைகள் எல்லோருக்கும் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக எழுதியிருக்கிறோம். நான் இதைக் கண்டுபிடித்தது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, டேப்பைத் துடைத்துச் சுற்றும்போது. இரண்டாவது டேப்பில் அளக்கப்பட்டு மூன்று சென்டிமீட்டரில் இடம் போன பையன் ஒன்பதாம் வகுப்பு. அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நன்றி சார் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான். அடுத்த நாள் அமைப்பாளர்களிடம் போய்ச் சொன்னேன், பட்டியல் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து எந்த டேப் கையில் வந்தாலும் முதல் இருபது சென்டிமீட்டரைப் பார்க்காமல் நான் தரையில் வைப்பதில்லை.

பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது பூஜ்யம் எங்கே தொடங்குகிறது. சில டேப்பில் வளையத்தின் வெளி விளிம்பு, சிலதில் பட்டையிலேயே சற்று உள்ளே தள்ளிக் கோடு போட்டிருக்கும். மைதானத்துக்கு ஒரு டேப் என்று முடிவானதும் அளக்கிற இரண்டு பேரும் அதைக் கண்ணால் பார்த்து வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஃபைபர் டேப் இழுபடும். வருடக்கணக்கில் இழுத்து இழுத்து நீண்டுபோன டேப் பிள்ளைகளின் தூரத்தைக் குறைத்துக் காட்டும். தச்சரிடம் இருக்கிற நல்ல 5 மீட்டர் ஸ்டீல் டேப்பைப் பக்கத்தில் விரித்து, ஐந்தைந்து மீட்டராக ஒப்பிட்டுப் பாருங்கள், கால் மணி நேர வேலை. ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலும் அந்த டேப்பைக் கோர்ட்டுக் கோடு போடுவதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, போட்டியில் அவசரத்துக்குக்கூட எடுக்காதபடி அதன் பெட்டியில் சிவப்பு பெயின்ட் தடவிவிடுங்கள். மூன்றாவது, அளக்கிற விதம். குண்டு, வட்டு எறிதலில் பூஜ்யம் விழுந்த தடத்தில் வட்டத்துக்குப் பக்கமாக உள்ள ஓரத்தில் இருக்க வேண்டும், டேப் வட்டத்தின் மையம் வழியாகப் போக வேண்டும், வட்டத்தின் உள் விளிம்பில் படிக்க வேண்டும். மையத்தை விட்டு விலகினால் நல்ல டேப்பும் தவறான அளவைத்தான் கொடுக்கும். சென்டிமீட்டருக்கு இடையில் நின்றால் கீழ் அளவை எழுதுங்கள்.

வட்டு எறிதலுக்குப் பிரிவுக் கோடு (வட்டு எந்த எல்லைக்குள் விழ வேண்டும் என்று காட்டுகிற இரண்டு கோடு) போடும்போது கோணமானியைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். தேவையே இல்லை. மையத்திலிருந்து 20 மீட்டர் தூரத்தில் இரண்டு முளை, அந்த இரண்டு முளைக்கும் நடுவே 12 மீட்டர். மையத்திலிருந்து அந்த முளைகளுக்குக் கோடு இழுத்தால் வேண்டிய 34.92 டிகிரி வந்துவிடும்.

ஸ்டீல் டேப்தான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், வாங்கவும் வேண்டும், ஆனால் அதைச் சுற்றும்போது ஈரத் துணியாலும் அப்புறம் காய்ந்த துணியாலும் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். மணலோடு சுற்றினால் மணல் எண்களை அழிக்கும், ஈரத்தோடு சுற்றினால் துரு. மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பத்து வருடம் ஓடும்.

காலையில் சரியாக இருந்த நெட் மதியம் தொய்ந்துவிட்டது

வாலிபால் நெட் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.24 மீட்டர் (உங்கள் வயதுப் பிரிவுக்குச் சுற்றறிக்கையில் வேறு உயரம் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்). நடுவில்தான் அளக்க வேண்டும், இரண்டு பக்கக் கோட்டின் மேலும் உயரம் சமமாக இருக்க வேண்டும், அது நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நைலான் கயிறு இழுபட்டு இழுபட்டுத் தளரும், அதுதான் மதியத் தொய்வுக்குக் காரணம். பருத்திக் கயிறு நேர்மாறு, மழையில் நனைந்தால் சுருங்கி நெட்டைத் தூக்கிவிடும். வாய்ப்பிருந்தால் மேல் கயிற்றுக்கு இரும்புக் கம்பிக் கயிறு போடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அளப்பதைத் தவிர வழியில்லை. பி.வி.சி. குழாயில் இரண்டு உயரத்தையும் வளையமாக வெட்டிக் குறித்து ஸ்டாண்டிலேயே கட்டி வைத்துவிட்டால் பத்து விநாடி வேலை.

நெட்டின் இரண்டு ஓரத்திலும் நிற்கிற குச்சியான ஆன்டெனா வெளிர ஆரம்பித்து, தொட்டால் கையில் முள் ஏறுகிறது என்றால் ஃபைபர் பிரிகிறது. அதைத் துணியால் துடைக்காதீர்கள், மொத்தமாக செல்லோ டேப் சுற்றி அந்தப் போட்டியை முடித்துவிட்டு மாற்றிவிடுங்கள்.

காலையில் அளந்து போட்ட பந்து மதியம் கல்லாக இருக்கிறது

பந்தில் தவறில்லை, வெயில்தான். வாலிபால் பந்துக்கு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ வரைதான். காலையில் 25 டிகிரியில் 0.30 வைத்துவிட்டு, பந்தை வெயிலில் கிடத்தி அது 45 டிகிரிக்குச் சூடானால் உள்ளே இருக்கிற காற்று விரியப் பார்க்கும், அழுத்தம் பார்க்கிற அளவி 0.38ஐத் தாண்டிக் காட்டும். லிஃப்ட் எடுக்கிற (அடிப்பவருக்குப் பந்தை விரலால் தூக்கிக் கொடுக்கிற) சிறுமியின் விரல் மடங்குவது இப்படித்தான். பந்துகளை நிழலில், தரையில் படாமல் வலையில் தொங்கவிடுங்கள், ஆட்டத்துக்கு முன் மறுபடி அளந்துவிடுங்கள். நல்ல அளவி ஒன்றை எல்லோரும் பங்கு போட்டாவது வாங்கிவிடுங்கள், கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவு ஆகாது. ஊசியை நனைக்காமல் வால்வில் குத்தாதீர்கள், காய்ந்த ஊசி ரப்பரை இழுத்துக்கொண்டு வந்துவிடும், அதற்குப் பிறகு அந்தப் பந்து எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு கிளிசரின் போதும்.

கொடி, அட்டை, பேனா

கொடித் துணி வெளுத்து ஆரஞ்சு நிறமானால் மாற்றுங்கள். கம்பு கையில் வழுக்கினால் சைக்கிள் ட்யூப் ஒரு துண்டு மாட்டிவிடலாம். கபடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் ஒரே பாக்கெட்டில் வைத்தால் பதற்றத்தில் தவறானது வரும், தனித்தனிப் பாக்கெட். ஸ்கோர் ஷீட்டுக்கு ஜெல் பேனா வேண்டாம், ஒரு வியர்வைத் துளி விழுந்தால் புள்ளியே அழிந்துவிடும். பால் பாயின்ட் பேனாதான்.

கோடு போட்ட பவுடரால் பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது

உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். போட்டது என்ன என்று பாருங்கள். நீற்றாத சுண்ணாம்பைப் பொடித்துப் போட்டிருந்தால் அது தண்ணீர் பட்டதும் கொதிக்கிற சாமான், வியர்வை பட்டாலும் தோலைப் பொத்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்ட பிள்ளையின் கண்ணிமையைத் திறந்து பிடித்து, ஓடுகிற சுத்தமான தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் விடாமல் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். கழுவாமல் வண்டி பிடிக்க ஓடாதீர்கள், தண்ணீர்தான் முதல் மருந்து. கபடியில் பிள்ளைகள் முகம் தரையில் படும்படி விழுகிறார்கள், அதனால் கோட்டுக்குக் கோலமாவு அல்லது சாக்பீஸ் பவுடர் மட்டும்தான் என்று போட்டி நடத்துகிற பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீற்றிய சுண்ணாம்பும் வேண்டாம், அதுவும் கண்ணுக்குக் காரம்தான். மூட்டையை நீங்களே பிரித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் கையில் எடுக்காமல் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். டம்ளர் சூடேறினால் அந்த மூட்டை மைதானத்துக்குள் வரக் கூடாது.

நடு ஆட்டத்தில் ஷூ அடிப்பாகம் கழன்றுவிட்டது

எப்போதோ வாங்கி, இரண்டு முறைதான் போட்டேன், எப்படிப் பிய்ந்தது என்று கேட்பார்கள். போடாமல் வைத்ததுதான் காரணம். அடியில் இருக்கிற நுரை பாலியுரேத்தேன் வகையாக இருந்தால் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்து தானாகவே உதிர ஆரம்பிக்கும், பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைந்து இன்னும் மோசம். விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி பொடிந்தால் ஒட்டிப் பயனில்லை. பொடியாமல் பசை மட்டும் விட்டிருந்தால் பிழைக்க வைக்கலாம். வாங்கும்போது ஓரத்தில் தையல் போட்ட ரப்பர் சோல் தேடுங்கள். மேட் கபடிக்குப் போகிறவர்கள் கறை பதிக்காத சோல் ஒரு ஜோடியைத் தனியாக வைத்து, மைதானத்துக்கு வெளியே அதைப் போடாமல் இருங்கள், ஒரு சின்னக் கல் சோலில் ஒட்டி வந்தாலும் பிள்ளைகளின் முழங்காலைக் கிழித்துவிடும்.

ஒட்டுவதென்றால் இரண்டு பக்கத்தையும் மணல் காகிதத்தால் தேய்த்து, பழைய பசையை முழுதாக எடுத்து, ரப்பர் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் ஒட்டாத பதத்தில் சேர்த்து அழுத்துங்கள். மேலே செங்கல் பாரம் வைத்து ஒரு ராத்திரி. காலையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஓரம் ஒரு சுற்று தைத்துக்கொண்டு, வாசலில் பத்து நிமிடம் ஓடிப் பார்த்துவிட்டு, அப்புறம் பையில் வையுங்கள்.